வாசிக்காத மூன்றாம் ஓலை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து என் வயிற்றில் பிறந்தவை, இரண்டு என் தங்கை விட்டுப் போனவை. ஏழில் ஒன்றுகூட பசியோடு படுத்ததில்லை, ஒன்றுகூட அடுத்தவர் வாசலில் போய் நின்றதில்லை. பள்ளிக்கூடம் இரண்டாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், ஒரு பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆகும். ஆகட்டும். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

நான் காசிமேட்டுக்காரி. அங்கேயே பிறந்து, கட்டிக்கொடுத்து, கருவாடு விற்றுக் காலத்தைக் கழித்தவள். மேற்கே பெரம்பூரைத் தாண்டியது குறைவு. மூன்றாவது மகள் ஜாய்ஸ் அம்பத்தூருக்குக் குடிபோய் மூன்று வருடம் ஆகியும் அவர்கள்தான் என்னைப் பார்க்க வருவார்களே தவிர நான் போனதில்லை, இந்தப் பயணம் வரைக்கும். எங்கள் தெருவில் சிலர் துபாய்க்குப் போய் வந்த கதை சொல்லுவார்கள். எனக்கு அம்பத்தூரும் ஆவடியும்தான் துபாய். கடல் இல்லாத ஊரில் மனிதர்கள் எந்தப் பக்கம் பார்த்து மூச்சு விடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தப் பயணத்துக்குக் காரணம் பேத்தி ஷெரின். அடுத்து வந்த ஞாயிறு அவளுக்குத் திடப்படுத்தல், சபையில் முழு உறுப்பினராகச் சேர்க்கிற ஆராதனை. அன்றைக்கே முதல் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்குவது. போனில் கூப்பிட்டு, "ஆயா, ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் நீ. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் முட்டி போடணும். நீ இல்லாம நான் போவ மாட்டேன்" என்றாள். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது என்று உடனே தோன்றியது. ஏனென்றால் நான் திருவிருந்தில் கை நீட்டி முப்பது வருடம் ஆகியிருந்தது.

அது யாருக்கும் தெரியாது. எங்கள் சபையில் திருவிருந்து ஞாயிறு வந்தால், "கைக்குழந்தைங்கள நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க" என்று தாய்மாரை அனுப்பிவிட்டு, மடியில் ஒன்று, தோளில் ஒன்று என்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிடுவேன். சலோமியம்மாவைப் போல மனசு யாருக்கு வரும் என்பார்கள். அந்தப் பேரையும் வாங்கிக்கொண்டேன்.

நடந்தது இது. எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று ஆயர் எல்லார் முன்னும் வாசிப்பார். முப்பது வருடத்துக்கு முன்னால் கிரேசி என்ற பெண்ணுக்கும் ஜெயசீலன் என்ற பையனுக்கும் வாசித்தார்கள். ஜெயசீலனை நான் என் இரண்டாவது மகளுக்கு மனதில் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே அவன் எனக்கு மருமகன் ஆகிவிட்டிருந்தான்.

இரண்டு ஓலை ஆயிற்று. மூன்றாவதுக்கு முந்தின சனிக்கிழமை நான் ஆயர் வீட்டுக்குப் போனேன். கிரேசி வேறு ஒருவனோடு கைகோத்துத் துறைமுகப் பக்கம் போனதைக் கண்ணால் பார்த்தேன் என்றேன். நான் பார்த்தது என்னவென்றால், பஸ் நிற்கும் இடத்தில் ஒரு ஆள் அவளிடம் மணி கேட்டான். அவள் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான்.

மறுநாள் ஆயர் அறிவிப்புகளை வாசித்தார். ஞாயிறு பள்ளி, பெண்கள் கூட்டம், கல்லறைச் சுத்தம். ஓலை வாசிக்கவில்லை. நேரே பாட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது வரிசையில் கிரேசி புதுப் புடவை கட்டி, தன் பேர் வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள். அவள் எழவில்லை.

ஜெயசீலன் பெங்களூரில் பெண் எடுத்தான். என் மகளுக்கும் அவன் இல்லை. கிரேசி வீட்டார் அந்த வருடமே காசிமேட்டை விட்டுப் போனார்கள். சொன்னது யார் என்று ஆயர் கடைசிவரை வாய் திறக்காமல் கண்ணை மூடினார்.

அதிலிருந்து என் பாட்டு போயிற்று. முன்பெல்லாம் கருவாட்டுக் கூடையைத் தலையில் வைத்துப் பாடிக்கொண்டே தெருத் தெருவாய்ப் போவேன். பிறகும் கோயிலில் பாடினேன், வாய் பாடும், உள்ளே ஒன்றும் அசையாது. ஆண்டவரிடம் ஆயிரம் தரம் சொல்லி அழுதிருக்கிறேன். அவரிடம் சொல்வது சுலபம், எதிர்க்கேள்வி கேட்க மாட்டார். நான் பொய் சொன்னது கிரேசியைப் பற்றி. போய் நிற்க வேண்டியது அவள் முன்னால். அது தெரிந்தேதான் போகாமல் இருந்தேன்.

போன வருடம் ஒரு துக்க வீட்டில் யாரோ சொன்னார்கள், கிரேசி ஆவடிப் பக்கம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் சூப் கடை போட்டிருக்கிறாள் என்று. அம்பத்தூருக்கு மிகப் பக்கம். ஞாயிறுக்கு முன்னால் அவளைப் பார்ப்பது, பார்க்க முடியாவிட்டால் முட்டி வலி என்று சொல்லி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவது. இப்படி முடிவு செய்துகொண்டு புதன்கிழமை கிளம்பினேன்.

மகளுக்கு வஞ்சிரக் கருவாடு ஒரு பை எடுத்துக்கொண்டேன். ரயிலில் பெண்கள் பெட்டி. பேசின் பாலம் தாண்டவில்லை, அதற்குள் எதிரில் இருந்த பூக்காரம்மா மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாம்மா பையில? பொணம் கிணம் தூக்கிகினு போறியா?"

"வஞ்சிரக் கருவாடு. நீ பாத்திருக்க மாட்ட."

"பாத்ததில்ல. இப்போ மோந்துகினேன்."

பெட்டியே சிரித்தது. நான் பையை அவிழ்த்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன். எப்படிப்பட்ட கருவாடு, உப்பு மேலே பூக்காமல், வெட்டின இடம் கண்ணாடி மாதிரி. வில்லிவாக்கம் வருவதற்குள் நாலு பேருக்கு ஆளுக்கொரு துண்டு கொடுத்தாயிற்று. துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்த காலேஜ் பெண்கூட நோட்டிலிருந்து தாளைக் கிழித்து மடித்து வாங்கிக்கொண்டாள். பூக்காரம்மா இறங்கும்போது என் தலையில் ஒரு முழம் மல்லிகையை வைத்துவிட்டுப் போனாள். மாலை நேரத்து மல்லிகையும் கருவாடுமாக அம்பத்தூரில் இறங்கினேன்.

நல்ல ஊர். சாலையில் தூசி உண்டு, லாரி உண்டு, ஆனால் எல்லாரும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டோ வேலையிலிருந்து வந்துகொண்டோ இருக்கிறார்கள். சும்மா நிற்கிற ஆளைப் பார்க்கவில்லை. மருமகன் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் லேத்துப் பட்டறையில் இருக்கிறார். எனக்காக விரால் வாங்கி அவரே குழம்பு வைத்திருந்தார். ஏரி மீன் என்றால் சேறு நாறும் என்று நாங்கள் காசிமேட்டில் கேலி செய்வோம். கல் உப்பும் புளியும் போட்டு எப்படித் தேய்த்தாரோ, ஒரு நாற்றம் இல்லை. இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினேன். "இன்னா அத்த, கடல் மீனு தோத்துச்சா?" என்றார். "தோக்கல. பக்கத்துல வந்து நின்னுச்சு" என்றேன்.

வியாழக்கிழமை காலை, பழைய சிநேகிதி ஒருத்தியைப் பார்த்து வருகிறேன் என்று ஜாய்ஸிடம் சொல்லிவிட்டு ஆவடிக்கு ரயில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, கிரேசியிடம் முதலில் என்ன சொல்வது என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருக்கியா என்றா, என்னைத் தெரிகிறதா என்றா. எந்த வார்த்தையை எடுத்தாலும் அடுத்தது வரவில்லை. வண்டி நின்றதும் தெரியவில்லை, எல்லாரும் இறங்கியதும் தெரியவில்லை. திரும்ப நகர்ந்து, மறுபடி நின்றபோது தலையைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ரயில்கள். வரிசையாக, ஆளே இல்லாமல். பிளாட்பாரம் கிடையாது.

துடைப்பமும் பக்கெட்டுமாக ஒரு பெண் ஏறி வந்தாள்.

"யாரும்மா நீ? வண்டி கூடவே தூங்க வந்துட்டியா?"

"ஆவடி வரலியா?"

"ஆவடி வந்துச்சு, போச்சு. இது அண்ணனூர் ஷெட்டு. வண்டிய கழுவுற எடம்."

"எறங்குன்னு யாரும் சொல்லல."

"தாம்பாளம் வச்சி அழைப்பாங்களா ஒன்ன? சரி, குந்து. கீழ எறங்க முடியாது உன்னால, ஆள் கூட்டியாறேன்."

எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இன்னொரு பெண்ணைக் கூட்டி வந்து, ஒரு மரப்பெட்டியைக் கீழே போட்டு, இரண்டு பேரும் என் அக்குளில் கைகொடுத்து இறக்கினார்கள். பிளாஸ்க் மூடியில் டீ கொடுத்தாள். அவ்வளவு பெரிய ரயிலை நாலு பெண்கள் கழுவித் துடைத்துவிடுவார்களாம். எங்கள் பக்கம் ஒரு படகைக் கழுவ எட்டு ஆம்பிளைகள் சத்தம் போடுவார்கள்.

"அப்படி இன்னா யோசனைல ஒக்காந்துகினு இருந்த?"

"ஒருத்தி கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"இதுக்கா? எங்க ஊட்டுக்காரரு டெய்லி காலைல கேட்டுட்டுதான் வேலைக்கே போறாரு" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, வெளி வாசல் வரைக்கும் கூடவே வந்து விட்டாள்.

பருத்திப்பட்டு போய்ச் சேரும்போது வெயில் ஏறிவிட்டது. ஏரிக்கரை வாசலில் ஒரு தள்ளுவண்டி, நீலத் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. சூப் கடையா என்று கேட்டேன். காலையில் நடக்க வருகிறவர்களுக்குத்தான், எட்டரைக்கெல்லாம் முடிந்துவிடும் என்றார் காவலாளி. எனக்குள் அப்படியொரு நிம்மதி. அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கே வெட்கமாக இருந்தது.

வந்ததற்கு ஏரியைச் சுற்றினேன். பாதை போட்டு, மரம் வைத்து, உட்கார இடம் செய்து அழகாக வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள், நடுவில் ஒரு திட்டு முழுக்க அவற்றின் சத்தம். கடலுக்கு எப்போதும் ஏதாவது கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், படகு, வலை, ஆள் என்று. இந்த ஏரி ஒன்றும் கேட்கவில்லை. அரை நாள் உட்கார்ந்திருந்தேன். ஆவடிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டேன். ரயிலில் கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்து ஆவடியில் சரியாக இறங்கினேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒரு வடநாட்டுப் பையன், போனில் இந்தியில் பேசிக்கொண்டே வந்தான். முகம் வாடியிருந்தது, குரல் மட்டும் சிரித்தது. அவன் இறங்கினதும் டிரைவரிடம் என்ன பேசினான் என்று கேட்டேன். "அவங்கம்மா கிட்டம்மா. சாப்ட்டேன், நெறைய சாப்ட்டேன், மீனு கூட போட்டாங்கன்னு சொல்றான். நேத்துலேர்ந்து டீதான் குடிச்சிகினு கீறான், எனக்குத் தெரியும்" என்றார். பொய்யில் இத்தனை நல்ல பொய்யும் இருக்கிறது. என்னுடையது அந்த வகை இல்லை.

கிரேசியைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டேன். தலை நரைத்துவிட்டது, கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். ஆனால் அதே நிமிர்ந்த முதுகு. மூன்று பெரிய எவர்சில்வர் பாத்திரத்திலிருந்து ஆவி பறக்கிறது. சுற்றி ஷூ போட்ட பெரிய மனிதர்கள்.

"வாழத்தண்டா, முடவாட்டுக்காலா, முருங்கையா? சீக்கிரம் சொல்லு சார். ரெண்டு ரவுண்டு நடந்துட்டு மூணு கப்பு குடிக்கிற ஆளு நீ."

"மூணு ரவுண்டும்மா இன்னிக்கி."

"பெஞ்சுல ஒக்காந்து போன் பேசினத நா பாத்தேன் சார்."

என் முறை வந்தது. வண்டிக்கு முன்னால் போய் நின்றேன். அவள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சலோமிம்மா? காசிமேடு சலோமிம்மா தானே நீ? இங்க எங்க வந்த? நீதானே எனக்கு சண்டே ஸ்கூல்ல பாட்டு சொல்லிக்குடுத்த. வா, வா, இப்படி குந்து."

தன் ஸ்டூலை எனக்குப் போட்டாள். முடவாட்டுக்கால் சூப் ஊற்றினாள். மலையில் விளைகிற ஏதோ கிழங்காம், முட்டி வலிக்கு நல்லதாம். மிளகும் சீரகமும் தூக்கலாக, நம் ஆட்டுக்கால் சூப்புக்கு ஒரு படிகூடக் குறையாமல் இருந்தது. வருகிறவர்களுக்கு ஊற்றிக்கொண்டே தன் கதையையும் சொன்னாள். நாற்பது வயதில் கட்டிக்கொண்டாளாம். "நல்ல மனுசன், மொதல் சம்சாரம் தவறிட்டாங்க. பத்து வயசுப் பொண்ண ரெடிமேடா குடுத்தாரு. எனக்கு பெத்த நோவும் இல்ல." அந்தப் பெண் இப்போது நர்ஸாம். இந்தக் கடை வைத்துத்தான் படிக்க வைத்தாளாம். எனக்குப் பெருமையாக இருந்தது. பெருமைப்பட எனக்கு என்ன யோக்கியதை என்றும் இருந்தது.

இரண்டாவது கப் குடித்தேன். மூன்றாவதும் ஊற்றினாள். அதற்கு மேல் வயிற்றில் இடம் இல்லை.

"கிரேசி, ஒன் மூணாவது ஓலைய நிறுத்துனது நான்தான். ஆயர்கிட்ட பொய் சொன்னேன். நீ ஒண்ணியும் பண்ணல. ஜெயசீலன என் பொண்ணுக்கு கட்டணும்னு ஆசைப்பட்டு சொன்னேன்."

அவள், காத்திருந்த இரண்டு பேருக்கு ஊற்றினாள், மிளகுத்தூள் போட்டாள், கையில் கொடுத்தாள். பிறகு அடுப்பை அணைத்தாள்.

"அப்போ எங்க ஞானம் அத்த இல்லையா?"

எனக்குப் புரியவில்லை. ஞானம் அவள் அப்பாவின் தங்கை, எங்கள் சபைதான். அந்தச் சனிக்கிழமை ஞானம் ஆயர் வீட்டிலிருந்து வெளியே வந்ததைக் கிரேசியின் அண்ணன் பார்த்திருக்கிறான். அத்தை தன் நாத்தனார் மகளுக்கு ஜெயசீலனைக் கேட்டிருந்தாளாம். ஆகவே அத்தைதான் என்று வீடு முழுக்க முடிவு கட்டிவிட்டது. முப்பது வருடமாக யாரும் அவளிடம் பேசவில்லை.

"அப்பா செத்தப்போ அத்த வந்துச்சு. பொட்டி மூடுறதுக்கு முன்னாடி ஒருவாட்டி மூஞ்சிய பாத்துக்கறேன்னுச்சு. நான் வுடல. கைய புடிச்சி வெளிய இஸ்த்துகினு போனேன். கூடப் பொறந்த அண்ணன் மூஞ்சி, சலோமிம்மா." குரல் உயரவில்லை. "ஒன் பாவத்துக்குள்ள என்னியும் சேத்து தள்ளி வுட்டுட்டியே."

முப்பது வருடமாக நான் என் பாவத்தை ஒரே அளவாகத்தான் நினைத்திருந்தேன், ஒரு பெண்ணின் கல்யாணம் அளவுக்கு. அது நான் பார்க்காத வீடுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறது. மன்னிச்சிடும்மா என்றேன்.

"எங்கிட்ட இப்போ கேக்காத. நாளிக்கி கடைய மூடிட்டு பூந்தமல்லி போறோம். அத்த அங்கதான் கீது, உயிரோடதான் கீது. மொதல்ல அதுங்கிட்ட சொல்லு. அப்பால பாக்கலாம்."

என் முகத்தைப் பார்க்காமல் கப்புகளைக் கழுவத் தொடங்கினாள்.

சனிக்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறினோம். ஒரே சீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். ஊர் அவளுக்குத் தெரியும் என்று நான் சும்மா இருந்தேன். அவள் மனம் எங்கேயோ இருந்தது. பையும் புத்தகமுமாக இளம் பிள்ளைகள் கும்பலாக இறங்கும்போதுதான் அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். வேலப்பன்சாவடி. பூந்தமல்லிக்குள் போகாமல் பெரிய சாலையில் வேறு பக்கம் திரும்பிவிட்ட பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறோம்.

வேலப்பன்சாவடியையும் சொல்ல வேண்டும். எத்தனை காலேஜ். வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு பெண் பிள்ளைகள், டீக்கடையில் பையன்களுக்குச் சமமாக நின்று பன் பட்டர் தின்கிறார்கள். என் காலத்தில் மணி சொன்னதற்கே ஒருத்தியின் பேர் போயிற்று. இவர்கள் யாரைப் பார்த்தும் பயப்படாமல் சிரிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

திரும்பிப் போகிற பஸ்ஸுக்குச் சாலையைக் கடக்க வேண்டும். லாரிகள் ஓயவில்லை. கிரேசி என் கையைப் பிடித்தாள். அந்தப் பக்கம் போனதும் விட்டுவிட்டாள்.

ஞானம் குடியிருப்பது பூந்தமல்லி கடைத்தெருவுக்குப் பின்னால், நூர்ஜஹான் என்ற அம்மாளின் வீட்டுப் பின்கட்டில். முன்கட்டில் நூர்ஜஹானின் மகன்கள் ஜரிகை வேலை செய்கிறார்கள். கட்டையில் இழுத்துக் கட்டிய துணியில் அவர்கள் கை போகிற வேகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன், மீன் வெட்டுகிற என் கையே தோற்றுவிடும். வந்திருப்பது யார் என்று கிரேசி பேர் சொன்னதும் நூர்ஜஹான் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதானா கிரேசி? விடிகாலைல நாங்க பஜ்ரு தொழுதுட்டு எழுந்திருக்கறப்ப அந்தப் பக்கம் ஞானம்மா ஜெபம் பண்றது கேக்கும். டெய்லி ஒங்க பேருதான் மொதல்ல வரும். யாரோ சின்ன பொண்ணுன்னு நெனச்சிகினு இருந்தேன்."

கிரேசி வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆகவே நான்தான் முதலில் உள்ளே போனேன்.

ஞானத்துக்கு எண்பது தாண்டிவிட்டது. கட்டிலில் சாய்ந்து, கொத்தவரங்காயை விரலால் ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று கிரேசியிடம் சொன்னதை மெதுவாகச் சொன்னேன்.

"சத்தமா சொல்லு. காது போச்சு எனக்கு."

இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

"இன்னாது? ஓலையா? எந்த ஓலை?"

எழுந்து நின்று கத்தினேன். "கிரேசியோட ஓலைய நான்தான் நிறுத்துனேன். பொய் சொன்னேன். நீ பண்ணதா எல்லாரும் ஒன் மேல பழிய போட்டாங்க. பண்ணது நான்." முன்கட்டில் ஜரிகை வேலை நின்றது. நூர்ஜஹானின் மருமகள்கள் ஜன்னலில் வந்து நின்றார்கள். எழுபத்தாறு வயதில், தலை குனிந்து பழக்கம் இல்லாத நான், பூந்தமல்லியில் பாதித் தெருவுக்குக் கேட்கும்படி என் பாவத்தைக் கூவி விற்றேன்.

ஞானம் கொத்தவரங்காய்த் தட்டை ஓரமாக வைத்தாள்.

"நான் அன்னிக்கி ஆயர் ஊட்டுக்கு எதுக்கு போனேன் தெரியுமா? ரெண்டு வாரமும் எங்க அண்ணன் பேர அந்த மனுசன் தப்பா வாசிச்சிட்டாரு. தேவசகாயத்த தேவதாசுன்னு. மூணாவது வாட்டியாவது ஒழுங்கா வாசிங்க, எங்க பொண்ணுக்கு ஒருவாட்டிதான் இதுன்னு சொல்லத்தான் போனேன்."

"ஏன் அத்த இத்த எங்கிட்ட சொல்லல?" வாசலில் இருந்து கிரேசி கேட்டாள்.

அந்தக் காது போன கிழவிக்கு அது மட்டும் கேட்டது. "நீ கேட்டியாடி?"

கிரேசி வந்து கட்டிலின் காலருகே உட்கார்ந்து, அத்தையின் புடவையில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர்கள் அழுததை நான் எழுதப் போவதில்லை. அது அவர்களுடையது. நான் கொத்தவரங்காயை எடுத்து மீதியை ஒடித்தேன்.

நூர்ஜஹான் யாரையும் கேட்காமல் சோறும் தால்ச்சாவும் கொண்டுவந்து வைத்தாள். பருப்பில் கறியும் கத்தரிக்காயும் மாங்காயும் போட்டுக் கொதிக்கவிடுவது. இத்தனை வருடம் இதைத் தின்னாமல் எப்படி இருந்தேனோ. அத்தைக்குக் கிரேசி பிசைந்து ஊட்டினாள். "பல்லு கீதுடி எனக்கு, கையும் கீது" என்று சொல்லிக்கொண்டே அவள் வாயைத் திறந்தாள்.

கிளம்பும் நேரத்தில் ஞானம், "சலோமி, ஜெபம் பண்ணிட்டு போ" என்றாள்.

எங்கள் வீடுகளில் அது வழக்கம். வந்தவர்கள் ஜெபம் பண்ணாமல் போகக் கூடாது. முப்பது வருடமாக யார் வீட்டுக்குப் போனாலும் அந்த நேரம் வருவதற்கு முன்னால் எழுந்து வந்துவிடுவேன்.

"நான் பண்றதா?"

"ஊட்டுக்கு வந்தவதானே பண்ணணும். இன்னா புதுசா கேக்குற?"

கண்ணை மூடினேன். வழக்கமான ஜெப வார்த்தைகளைத் தேடிப் பார்த்து விட்டுவிட்டேன். கடைசியில், "ஆண்டவரே, நான் பொய் சொன்னேன். இவங்க ரெண்டு பேரும் இன்னிக்கி ஒண்ணா சாப்ட்டாங்க. ஸ்தோத்திரம்" என்றேன்.

"அவ்ளோதானா?" என்றாள் ஞானம்.

"அவ்ளோதான்."

"போதும். ஆமென்." சமையலறைப் பக்கம் இருந்து நூர்ஜஹானும் ஆமீன் என்றாள்.

எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வெளிச்சம் வரவில்லை, குரல் கேட்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தேன். வெயில், மாவு மில், ஆட்டோ எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. பஸ் நிற்கும் இடத்தில் கிரேசி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாடுற நீ."

"நானா?"

"அங்கேர்ந்து பாடிகினேதான் வர்ற."

எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்த பிறகும் நிறுத்தவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ கட்டு அவிழ்ந்து, நடக்கிற கால்வரைக்கும் இளகிவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

பஸ் வந்ததும் கிரேசி சொன்னாள். "இன்னும் கோவம் போவல எனக்கு. கொஞ்சம் கீது. அது போவறப்ப போவும். நாளிக்கி ஒன் பேத்தி கோயில் எத்தினி மணிக்கு?"

ஞாயிறு காலை. ஷெரின் வெள்ளைப் புடவையில் தடுக்கித் தடுக்கி நடந்தாள். பேராயர் வந்திருந்தார். பிள்ளைகள் தலையில் ஒவ்வொருவராகக் கை வைத்தார். பிறகு திருவிருந்துக்கு அழைத்தார்கள். நான் எழுந்தேன். ஷெரினுக்கு ஒரு பக்கம் ஜாய்ஸ், ஒரு பக்கம் நான். என்னுடைய அந்தப் பக்கத்தில், சூப் வாசனை இன்னும் போகாத புடவையோடு கிரேசி வந்து முட்டி போட்டாள்.

கையை ஏந்தினேன். சிறு துண்டு அப்பம். வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. திராட்சரசப் பாத்திரம் வந்தது. முப்பது வருடமாக நான் பயந்துகொண்டிருந்தது இவ்வளவு எளிய ஒன்றா என்று இருந்தது. ஆசீர்வாதம் சொல்லி எழுந்து போகச் சொன்னார்கள். எல்லாரும் எழுந்தார்கள். எனக்கு முட்டி வரவில்லை. இந்த முட்டியைச் சாக்காகச் சொல்லலாம் என்று வந்தவள், இப்போது நிஜமாகவே எழ முடியாமல் பீடத்தின் முன்னால் மாட்டிக்கொண்டேன்.

கிரேசி குனிந்து, "முடவாட்டுக்கால் மூணு கப்பு குடிச்சும் இப்படியா?" என்றாள் காதில்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திருவிருந்தில் சிரிக்கலாமா கூடாதா தெரியாது, நான் சிரித்தேன். ஷெரின் ஒரு கையும் கிரேசி ஒரு கையும் பிடித்துத் தூக்கினார்கள். சிரித்துக்கொண்டேதான் என் இடத்துக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகவில்லை. அம்பத்தூர் மாடியில் உட்கார்ந்து பத்து நாளாக இதை எழுதுகிறேன். ஜாய்ஸ் என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், பயணம் போன கதை என்றேன். ஷெரினும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கிரேசி யார் என்று கேட்டதற்கு, படித்துத் தெரிந்துகொள் என்று சொல்லிவைத்தேன். அவள் என்னை ஒரு தப்பும் செய்யாதவள் என்று நம்புகிறவள். அந்த நம்பிக்கை எனக்கு ருசியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேண்டாம்.

ஷெரின், உன் பாடப் புத்தகத்தை மூடிவிட்டு இங்கே வந்து உட்கார். அம்மாவையும் கூப்பிடு. என் எழுத்து கோணலாக இருக்கும், பார்த்துப் படி. முதலிலிருந்து உரக்கப் படி. நான் ஆயர் வீட்டுக்குப் போன சனிக்கிழமை வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தாதே, என் முகத்தைப் பார்த்து நிறுத்தாதே. நான் எங்கேயும் எழுந்து போக மாட்டேன். படி.